பனி ஏறினால் இருமும் வண்டி

என்னங்க, உங்களைத்தான்.

முதலில் ஒன்றைச் சரிசெய்துவிடுகிறேன். நான் காணாமல் போகவில்லை. இந்த மலையில் ஒண்டிக்கடை முக்கில் தொடங்கி வாழவந்தி கிராமம் வரை அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். சிலர் ஏரிக்கரையில்கூடத் தேடினார்களாம். நான் நம் வீட்டு ஷெட்டில், உங்கள் பழைய மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்பார்க் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் ஒரு சொல்லால் வந்தது. என்ஜின் விட்டுவிட்டு அடித்தால் மெக்கானிக்குகள் அதை ‘மிஸ்ஸிங்’ என்பார்கள். அந்த ஆங்கிலம் எனக்குப் பிடிக்காது என்று பஷீர் பாயிடம் பலமுறை சொல்லிவிட்டேன். அவர் மாறுவதாக இல்லை. அன்று தன் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று சேலத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போன் செய்திருக்கிறார். “ஏனுங்க, நம்ம டீச்சரம்மாவுது காலையில இருந்து நொம்ப மிஸ்ஸிங்குங்க.” கொய்யாக் கூடையோடு அந்தப் பக்கம் போன பாப்பாத்திக்கு, என்னையே காணோம் என்று ஊரைக் கூட்ட அவ்வளவு போதுமாக இருந்தது.

கடைசியில் அவள்தான் என்னைக் கண்டுபிடித்தாள். “அட சாமி, இங்கத்தான் இருக்கறீங்களா! ஊடு ஊடாக் கேட்டுட்டு வர்றனுங்க. மூஞ்சியெல்லாம் என்னங்க இப்படிக் கருப்பு?” அவளுக்குப் பின்னால் தெருவில் பாதி நின்றது. பெரிய பாத்திரத்தைப் பரணிலிருந்து இறக்கி, வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டேன். உங்கள் அடக்கத்துக்குப் பிறகு நம் வீட்டில் அத்தனை குரல்களை நான் கேட்டதில்லை. நான் இருக்கிறேன் என்று தெரிந்துவிட்டது. குடித்து முடித்து எல்லோரும் போய்விட்டார்கள்.

செய்தி பெங்களூரில் அந்தோணிக்கும் போயிருந்தது. சாயங்காலம் நம் மகன் போனில் கத்தினான். “ஷெட்ல தனியா கிரீஸைப் பூசிக்கிட்டு நின்னியாமே! போதும்மா. அந்த வண்டியைத் தள்ளிவிட்டுட்டு, வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துடு.”

“கிரீஸ் இல்லை, கார்பன்” என்றேன்.

அவன் கத்தல் அடங்கியது. பிறகு, “இன்னொரு தடவை இப்படி ஒரு போன் வந்தா என்னால தாங்க முடியாதும்மா” என்றான். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் பேசுவானே, அந்தக் குரல். அதைக் கேட்டதும் வாக்குக் கொடுத்துவிட்டேன். ஓடாத பொருளை இன்னொருவர் தலையில் கட்ட மாட்டேன். வண்டி சரியாகட்டும், விற்றுவிட்டு வருகிறேன் என்று. அது சரியாகவே ஆகாது என்று உள்ளுக்குள் நினைத்துத்தான் சொன்னேனோ? இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

பாய் தன்னால் ஆனதெல்லாம் செய்தார். புது பிளக் போட்டார். பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்து இடைவெளி வைத்தார். கண்டன்சரை மாற்றினார். ஓட்டிப் பார்க்க அடிவாரம் வரை இறங்கினார். “கீழ போனா கும்முன்னு ஓடுதுங்க டீச்சரம்மா. கொண்டை ஊசி வளைவு ஏறிப் பனிக்குள்ள வந்ததும் இருமுது. பாதி மலை தள்ளிட்டே வந்தேன். ஐயாவுக்கு என் மேல என்ன கோபம்னு கேட்டுச் சொல்லுங்க!”

எனக்கு அது பிடிபடவில்லை. கீழே நன்றாக இருக்கிற ஒன்று, தான் வாழ்ந்த இடத்துக்கு வந்ததும் ஏன் நிற்க வேண்டும்?

மறுநாள் சாயங்காலம் ஷெட்டுக்குள்ளேயே பனி வந்துவிட்டது. பாய் என்னிடம் டார்ச்சைக் கொடுத்தார். டார்ச் பிடிப்பதில் எனக்கு உள்ள அனுபவம் உங்களுக்குத் தெரியும். “கொஞ்சம் கீழே, அங்கே இல்லை, கீழே” என்று எத்தனை வருடம் என்னைப் படுத்தினீர்கள்! அன்று யாரும் எதுவும் சொல்லவில்லை. எங்கே காட்டுவது என்று தெரியாமல் அணைத்துவிட்டேன். பாய் கிக்கரை உதைத்தார். இருட்டில், பிளக்குக்குப் போகும் வயரின் மேல் நீலமாக ஒரு கோடு ஊர்ந்து என்ஜினுக்குத் தாவியது.

“பாய், மறுபடியும் உதையுங்கள்.”

மறுபடியும் அதே கோடு. வயரில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. அதில் ஈரம் இறங்கியதும், பொறி பிளக்குக்குப் போகாமல் வெளியே ஓடிவிடுகிறது. கீழே வெயிலில் காய்ந்தால் ஒன்றும் தெரிவதில்லை. சேலத்திலிருந்து புது வயரும் பிளக் கேப்பும் வந்தன. இரண்டாவது உதையில் பிடித்தது. பனிக்குள்ளேயே, விடாமல், உங்கள் வண்டியின் அதே சத்தம். நான் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன், புகை அதிகம்.

பாய்க்கு முகம் விழுந்துவிட்டது. “சரியாயிருச்சுங்க. அப்ப கிளம்பிருவீங்களா? வேணும்னா அந்தோணித் தம்பி கேட்டா இன்னும் வேலை பாக்கி இருக்குன்னு சொல்லிடட்டுங்களா?”

“பொய் வேண்டாம், பாய்.”

“பொய்யில்லீங்க டீச்சரம்மா. கொஞ்சம் லேட்டா உண்மை.”

அன்றே அந்தோணியிடம் உள்ளதைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காரோடு வருகிறேன் என்றான். வா, ஆனால் அப்பாவுக்கு எழுதிக் கேட்கப்போகிறேன், அவர் பதில் வந்த பிறகுதான் கிளம்புவேன் என்றேன்.

“அப்பா எப்படிம்மா பதில் போடுவார்?”

“அது அவர் பாடு.”

நான் விளையாடவில்லை. உங்களுக்கு இந்த மலையில் எஸ்டேட் வேலை கிடைத்தபோது நான் அம்மா வீட்டில் இருந்தேன். எனக்கு எழுதிக் கேட்டீர்கள். எஸ்டேட்காரர்கள் அவசரப்படுத்தியும், “அவள் எழுதட்டும்” என்று காத்திருந்தீர்கள். வருகிறேன் என்று நான் எழுதினேன். நாம் இந்த ஊருக்கு வந்தது அப்படி. உங்களைக் கேட்காமல் இங்கிருந்து நான் எப்படிப் போவேன்?

போகச் சொன்னால் போகிறேன். இருக்கச் சொன்னால், பிள்ளை கோபித்தாலும் இருக்கிறேன். இது என் வாக்கு. ஆனால் பாப்பாத்தி சொல்கிற மாதிரி காக்கையாக வந்து ஜன்னலில் உட்கார வேண்டாம். எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. கனவிலும் வேண்டாம்; விடிந்ததும் பாதி மறந்துவிடுகிறது. ஒரு வரி போதும். தயவுசெய்து எழுத்தில் பதில் போடுங்கள்.

உங்கள் மனைவி,
ரெஜினா