பழைய கணக்கின் குறிப்புகள்

மாலினி,

பாலக்கரை வரை போகிறேன். தயிர்சாதம் மேடைமேல் இருக்கிறது, சாப்பிடு.

ஜாஹ்னவியின் ஆறு வருட வீட்டுக் கணக்கைப் புது மென்பொருளுக்கு மாற்றிவிட்டேன். தொகையெல்லாம் வந்தது. பக்கத்தில் அவள் எழுதிய குறிப்புகள் வரவில்லை. "திருவானைக்காவல் ஆட்டோ. மழை. வழியெல்லாம் இவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை." இப்படி நிறைய இருக்கின்றன.

"மன்னி போட்ட தொகைதான் சரியா வந்துடுத்தே அண்ணா, பழசை அழிச்சுடேன்" என்று நேற்று நீ சொன்னதும் எழுந்து போய்விட்டேன். உன்மேல் கோபமில்லை.

பழைய மென்பொருள் நாளை முதல் திறக்காது. குறிப்புகளை போனில் படம் எடுத்துவிட்டேன். அவள் ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி மாதம் மட்டும் பாக்கி. அதைத் திறக்க என்னால் முடியவில்லை. நீ படம் எடுத்துவிடு.

அண்ணா

லேப்டாப்பை அணைக்காதே.

எடுத்ததை எனக்கு அனுப்பாதே. நான் கேட்கும்வரை உன் போனிலேயே இருக்கட்டும்.