ஒன்றா, அறுபதா

நாள் 3, காலை 7:10
நிப்பூர் நகருக்கு வெளியே, ஒரு பள்ளத்தில் இருக்கிறேன். வெப்பம் 41. நான் மரகதவல்லி, கல்வெட்டு ஆய்வாளர். காலக்கலம் இறங்கும்போது நொறுங்கியது. வலது கால் வெட்டில் சீழ். வானொலியில் கேட்க முடியும், பேச முடியாது. களிமண் பலகையில் எழுதிப் புதைத்தால், நாலாயிரம் ஆண்டு கழித்து என் குழு தோண்டி எடுக்கும். இவ்வூரின் ஆப்பு வடிவ எழுத்தில் மட்டுமே எழுதலாம் என்பது விதி.

காலை 9:30
குழுவிலிருந்து ஷாகுல்: "அக்கா, எத்தனை நாள்ல கலம் வரணும்? ஒண்ணுதான் மிச்சம். பாத்து எழுதுங்க."
ஓர் ஆப்புக் குறி இட்டேன். ஒரு நாள். பலகையைச் சுட்டுப் புதைத்தேன். சுடப் பயன்பட்ட சூடேற்றிக் கருவி அத்தோடு செத்தது.

காலை 11:05
ஷாகுல்: "கெடச்சிருச்சு அக்கா! அறுபது நாள். அனுப்பிட்டோம்."
அறுபதா! ஒன்றுக்கும் அறுபதுக்கும் இங்கே ஒரே ஆப்புதான். இருபது வருடம் இதைத்தானே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன்! பக்கத்தில் இரண்டு சொல் எழுதியிருக்கக் கூடாதா? முட்டாள். நானும், அவனும்.

மாலை 4:20
விதியாவது மண்ணாவது. தமிழிலேயே எழுதினேன்: "ஒரு நாள்தான். நாளைக்கே வா." வெயிலில் காயவைத்துப் புதைத்தேன்.

மாலை 5:00
ஷாகுல்: "ரெண்டாவது பலகை மாவாக் கொட்டுது அக்கா. சுடலையா? என்ன எழுதுனீங்க?"
வானொலிப் பெட்டியைப் பார்த்துக் கத்தினேன். அவனுக்குக் கேட்காது.

நாள் 4, காலை 6:40
கால் தொடைவரை கறுத்துவிட்டது. ஊர் வாசலில் ஆட்கள் தெரிகிறார்கள். யாருக்காவது மருத்துவம் தெரிந்திருக்கும். அறுபதாம் நாள் கலத்தில் வருபவர் இந்தப் பதிவை எடுத்துக்கொள்ளட்டும். வானொலியையும் இழுத்துக்கொண்டு தவழப் போகிறேன்.

காலை 8:15
கூப்பிட்டேன். குரல் எழவில்லை. நாக்கு வீங்கியிருக்கிறது.

காலை 8:50
ஷாகுல் அழுகிறான். "அக்கா... பள்ளத்துலேருந்து நாப்பது அடி தள்ளி ஒரு எலும்புக்கூடு. தலை ஊர் வாசலப் பாத்து இருக்கு. வலது கால் எலும்பு அரிச்சுப்போயிருக்கு. ஒரு நாள்னா எழுதியிருந்தீங்க? கலத்தத் திருப்ப முடியாது அக்கா. அங்கேயே இருங்க, நகராதீங்க, தயவுசெஞ்சு..."

காலை 9:02
திரும்பிப் பார்த்து, வந்த தூரத்தைக் கருவியால் அளந்தேன்.
முப்பத்தெட்டு அடி.
வாசலில் ஒருவன் இந்தப் பக்கம் திரும்