சொறி மாதிரி ஒரு பண்டம்

ஜனவரி 8

இன்று நூலகத்துக்கு வந்த வாசகர்: ஒருவர். பொன்னேரி பஸ்ஸுக்காகக் காத்திருந்தார். பஸ் வந்ததும் போய்விட்டார். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனது மட்டும்தான் அவர் படித்தார் என்பதற்குச் சாட்சி.

வீட்டில் மகன் தீனாவும் மருமகள் அர்ச்சனாவும் கப்பலை விட்டு வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. உல்லாசக் கப்பலின் சமையற்கட்டில் சந்தித்து, பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டவர்கள். அவள் எளாவூர்ப் பக்கம் நெல் விளைவிக்கிற வீட்டுப் பெண். எங்கள் மீனவக் குப்பத்துக்கு நியூயார்க் எவ்வளவு தூரமோ, வயல்காட்டு ஊரும் அதே தூரம்.

ஊர் வழக்கம் இது: புது மருமகள் காணும் பொங்கலன்று முகத்துவாரத்து மணல்திட்டில் தன் கையால் செய்த ஒரு பண்டத்தைப் பெரியவர்களுக்கு வைக்க வேண்டும். அவர்கள் சாப்பிட்டால் அது ஒரு தலைக்கட்டு, அதாவது ஊர்க் கணக்கில் ஒரு குடும்பம். அப்போதுதான் தீனாவுக்குப் பழவேற்காடு ஏரியில் வலை போட முறை வரும். சாப்பிடாவிட்டால்? அதற்கு விதி கிடையாது. இதுவரை வந்த மருமகள்கள் எல்லோரும் மீன்காரர் வீட்டுப் பெண்கள்.

கப்பல் கம்பெனி பொங்கல் முடிந்ததும் பதில் கேட்கிறது. "ஊர்ல எடம் கெடச்சா இருக்கோம்மா. இல்லன்னா கெளம்பறோம்" என்றான் தீனா.

"உன் இஷ்டம்" என்றேன். பிறகு நூலகத்துக்குப் போய்ப் பூகோள அலமாரியை இரண்டு முறை துடைத்தேன்.

ஜனவரி 9

மீன் குழம்பு வைத்து மீன்காரர்களுக்குப் பரிமாறுவது, பாடப்புத்தகம் எழுதியவர் முன்னால் உட்கார்ந்து பரீட்சை எழுதுவது போல. அர்ச்சனாவுக்கு அது தெரிந்திருக்கிறது. அடுப்பில்லாத சமையல்தான் கப்பலில் அவள் வேலை. அமெரிக்கர்களின் பண்டிகை விருந்தில் வான்கோழிக்குப் பக்கத்தில் வைக்க, சிவப்பாக ஜெல்லி ஒன்றை அச்சில் ஊற்றி உறையவைத்துக் கவிழ்ப்பாளாம். க்ரான்பெர்ரி என்று ஒரு பழம். களாக்காய் போலப் புளிக்கும். இரண்டு டின் கொண்டுவந்திருக்கிறாள். அச்சும் இருக்கிறது, பூப்போல நெளிந்த விளிம்போடு.

மகளிர் தின மேடைகளில் பெண்ணின் தனித்தன்மை பற்றி ஆண்டுதோறும் பேசுகிற நான் சொன்னது: "பாயசம் வச்சிடேன்மா."

"பாயசம் எல்லாரும் வெப்பாங்க அத்த. நான் வெச்சா அதுல கொற கண்டுபிடிப்பாங்க. இதுல கொற கண்டுபிடிக்கிற அளவுக்கு யாருக்கும் தெரியாது."

நான் பார்த்த அரசியல்வாதிகள் பலரும் இந்தக் கொள்கையால்தான் ஜெயித்தார்கள்.

ஜனவரி 11

உறையவைக்கிற தூளைத் தருமன் கையில் வாங்கிப் பார்த்தார். நாற்பது வருடமாக ஏரியில் நிற்கிற மனிதர், கணவர் என்ற முறையில் எனக்கும் பழக்கம்.

"இது இன்னாத்துல செய்றது?"

"மீன்லேர்ந்து எடுக்கறது மாமா. தோலு, எலும்பு."

அவர் முகம் மலர்ந்தது. "எந்த மீனு?"

அர்ச்சனா பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நானும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். மீன் என்று மட்டும்தான் இருந்தது.

"பேரு இல்லாத மீனா?" என்று பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டார். அதற்கப்புறம் அதன் பக்கமே பார்க்கவில்லை. இவரே கேட்டால் பெரியவர்கள் கேட்க மாட்டார்களா?

ஜனவரி 12

ஒத்திகை. ஒரு டின் செலவு. சாயங்காலம் அச்சில் ஊற்றி முடித்ததும் கரண்ட் போயிற்று. குளிரில் இருந்தால்தான் உறையுமாம். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை — எனக்குத்தான், அவள் நிதானமாக இருந்தாள்.

யோசனை என்னுடையது. கொட்டகையில் எறா, அதாவது இறால், நிரப்பிய பெட்டிகள் ஐஸோடு இருந்தன. ஓரத்துப் பெட்டியில் ஐஸைத் தோண்டி அச்சை மூடிபோட்டுப் புதைத்தேன். குளிர்சாதனப் பெட்டியைக் கண்டுபிடித்தவனுக்குச் சமமாக என்னைச் சிறிது நேரம் நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி 13, போகி

பெட்டி இல்லை.

விடிவதற்குள் இந்திராணியக்காவின் வண்டி வந்து எல்லாப் பெட்டிகளையும் காசிமேட்டு மீன் சந்தைக்கு ஏற்றிப் போய்விட்டது. எறா ஏலம் எடுக்கிறவள் அவள். பெரியவர்களில் மூத்தவரான பால்ராஜின் மனைவியும்கூட. அந்த வீட்டில் பெரியதனம் யாரிடம் இருக்கிறது என்பது பற்றி ஊரில் இரண்டு கருத்து கிடையாது.

ஏழு மணிக்கு அவளிடமிருந்து போன்.

"இன்னாம்மே தெய்வா, எறாப் பொட்டியில செவப்பா ஒண்ணு குலுங்குது? எடை போடறவன் பயந்துகினு ஓரமா போய் நிக்கறான்."

"அது பண்டம்க்கா."

"பண்டமா?"

"அர்ச்சனா செஞ்சது."

அதோடு போன் நின்றுவிட்டது. சிக்னல் போயிற்றா, அபிப்பிராயம் வந்ததா, தெரியவில்லை.

பழைய பாயை எரிக்கும்போது தருமன் கேட்டார்: "பொட்டிய மாத்தி வெச்சிட்டியா, இல்ல வேணும்னே வெச்சியா?"

வேணும்னா? பாயசமே வைக்கட்டும் என்று நானா? கேட்ட பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஜனவரி 14, பொங்கல்

பொங்கியது. இந்திராணியக்கா கோயிலில் என்னைப் பார்த்தாள். அச்சைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜனவரி 15

கடைசி டின். அச்சு இல்லாததால் அர்ச்சனா எவர்சில்வர் தூக்குவாளியில் ஊற்றினாள். தீனா அதைப் பழவேற்காட்டில் பெலிக்ஸ் கடை பிரிட்ஜில், சோடா பாட்டில்களுக்கு நடுவே கொண்டுபோய் வைத்தான். பெலிக்ஸ் கடையில் ஜெனரேட்டர் உண்டு. நான் மதியம் இரண்டு தரம் அங்கே போய் எலுமிச்சை சோடா குடித்தேன். எனக்கு சோடா ஆகாது.

"யக்கா, அது எங்கயும் ஓடாது" என்றார் பெலிக்ஸ்.

ஊரில் ஒரு பேச்சு ஓடுகிறதாம்: வயல்காட்டுப் பொண்ணு மீனைத் தொடாமல் கலர் தண்ணியைக் கட்டியாக்கிக் கொடுக்கப் போகிறாள். முழுக்கப் பொய் என்றும் சொல்ல முடியவில்லை.

ஜனவரி 16, காணும் பொங்கல்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மணல்திட்டில் தார்ப்பாய் விரித்துப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். படகுகள் ஒதுங்கி நின்றன. அர்ச்சனா தூக்குவாளியை ஏரித் தண்ணீரில் ஒரு கணம் முக்கியெடுத்து, வாழை இலையில் கவிழ்த்து, அடியில் ஒரு தட்டுத் தட்டினாள். வழுக்கிக்கொண்டு இறங்கியது. நின்றது. பிறகு காற்றுக்கு ஆட ஆரம்பித்தது.

நான் நினைத்ததையே எல்லோரும் நினைக்கிறார்கள் என்று தெரிந்தது. வலையில் ஏறினால் கையெல்லாம் அரிக்குமே, கடலிலேயே உதறிவிட்டு வருவோமே, அந்தச் சொறி, புத்தகங்களில் ஜெல்லிமீன் என்று போட்டிருக்குமே, அது.

பால்ராஜ் மாமா சொல்லியே விட்டார்: "சொறி மாதிரி கீது."

"சொறி இம்மாஞ்செவப்பா இருக்காது மாமா" என்றார் பின்னால் நின்ற படகுக்காரர் மூர்த்தி. "இது கோவத்துல கீற சொறி."

சிரிப்பு. தீனா சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்த்து, "நைனா, போலாம் வா" என்றான் மெதுவாக. தருமன் சிரிக்கவும் இல்லை, அசையவும் இல்லை.

பால்ராஜ் மாமா குனிந்து மோந்து பார்த்தார். "இன்னாத்துலம்மா கட்டியாக்கின?"

"மீன்லேர்ந்து மாமா."

"எந்த மீனு?"

கொடுவா என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கொடுவா மாதிரி உசத்தி மீன் என்றால் யார் மறுப்பார்கள்? அதற்குள் அவள் சொன்னாள்: "தெரியாது மாமா. பாக்கெட்ல போடல."

மாமா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். துடைக்க எதுவும் இல்லாமலே வேட்டியில் துடைத்தார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். பிப்ரவரியில் இவர்களை வழியனுப்ப விமான நிலையத்துக்கு எந்தப் புடவை கட்டுவது என்றுகூட — மனசு எப்படியெல்லாம் ஓடுகிறது.

அப்போது இந்திராணியக்கா படகிலிருந்து இறங்கி, முழங்கால் தண்ணீரில் புடவையைத் தூக்கிச் செருகியபடி வந்தாள். கையில் துணி சுற்றிய ஒன்று. நேரே அர்ச்சனாவிடம் போய்த் துணியைப் பிரித்தாள். அச்சு. பளபளவென்று தேய்த்துக் கழுவியிருந்தது. அதன் வாய் ததும்பக் காய்ந்த எறா.

"இந்தா, உங்க வூட்டு ஏனம்."

எங்கள் ஊரில் ஒரு வீட்டுப் பண்டத்தைத் தின்றவர்கள் அந்தப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவதில்லை. கொஞ்சம் உப்பாவது போட்டுத் தருவார்கள். தின்னாதவர்கள் வெறும் ஏனத்தைத் தருவார்கள். தார்ப்பாயில் இருந்த எல்லோரும் அச்சைப் பார்த்தார்கள். காய்ந்த எறா நல்ல ரகம்.

"நீ தின்னியா?" என்றார் பால்ராஜ் மாமா.

"தின்னாமயா ரொப்பிக் குடுக்கறேன்?" என்றவள் அர்ச்சனா பக்கம் திரும்பினாள். "சக்கர இன்னும் கொஞ்சம் போடலாம். எறா நாத்தம் அடிச்சிது, அது என் பொட்டி நாத்தம், உன் மேல தப்பில்ல."

மாமா மனைவியைப் பார்த்தார். பிறகு பண்டத்தைப் பார்த்தார். இரண்டில் எதற்குப் பயப்படுவது என்று முடிவெடுத்தவர் போல ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார்.

"புளிக்குது."

இன்னொரு விள்ளல் எடுத்தார். "மடவ வறுத்தது யாராச்சும் வெச்சிக்கிறீங்களா? அதுக்குத் தொட்டுக்கலாம் இது."

நாலு பக்கமிருந்தும் வறுத்த மடவை மீன் வந்தது. நான் படகு மறைவுக்குப் போய் மூக்கைச் சிந்திக்கொண்டேன். உப்புக் காற்று.

ஜனவரி 17

தூக்குவாளியின் அடியில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. இப்போதுதான் சுவைத்துப் பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை.

பிப்ரவரி 6

ஏரியில் வலை போடத் தீனாவுக்கு முதல் முறை வந்தது. விடியலில் அப்பாவும் மகனும் போனார்கள். வெயில் ஏறித் திரும்பினார்கள். மீன் ஒரு குழம்புக்குக் காணாது. வலை முழுக்கச் சொறி.

"வெள்ள சொறிதான். கோவமில்லாதது" என்றார் தருமன். அன்று சிரிக்காததற்கு இன்று சேர்த்துச் சிரித்தார்.

தீனா இரண்டு கையும் சிவந்து தடித்துத் திண்டாடிக்கொண்டிருந்தான். அர்ச்சனா வினிகரைத் துணியில் நனைத்து ஒற்றியெடுத்துக்கொண்டிருந்தபோது மேசை மேல் அவன் போன் அடித்தது. வெளிநாட்டு எண். பதில் கேட்கிற கப்பல் கம்பெனி.

அவள் அவனைப் பார்த்தாள். நான் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தேன்; தலைகீழாகப் பிடித்திருந்தேன்.

"கையெல்லாம் அரிக்குது" என்றான். "அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். அது மேசை மேல் கொஞ்ச நேரம் குலுங்கிவிட்டு நின்றது.