கிட்டார் அம்மாளின் இரண்டாம் பக்கம்

ஸ்காபரோ, டொரண்டோ
பிப்ரவரி 1977

அன்பு மகள் வேதவல்லிக்கு, அப்பா தன் கையால் எழுதுவது. நானும் உன் அண்ணன் மோகனசுந்தரமும் அண்ணி சாந்தாவும் இங்கே உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் அப்படியே இருக்கிறாயா என்று வழக்கம்போல் கேட்க மனம் வரவில்லை, உன் மணிக்கட்டு முறிந்திருப்பது தெரியும். ஆனாலும் ஒரு சந்தோஷத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய உன் அப்பா இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்றுவிட்டேன். பனி கொட்டி வெளியே போக முடியாத நாட்களில் சாந்தாதான் சாப்பாட்டு மேசையில் உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். ஒவ்வோர் எழுத்தாக வைத்து வைத்து எழுதுகிறேன், ஒரு வரி முடிந்ததும் திரும்பப் படித்துப் பார்த்து எனக்கு நானே சிரித்துக்கொள்கிறேன். இவ்வளவு துக்கத்திலும் இந்தச் சிரிப்பு வருகிறது, என்ன செய்வது. உன் போன கடிதம் வந்தபோது உறையைப் பார்த்ததுமே இது வேதாவின் எழுத்து இல்லை என்று நான்தான் முதலில் சொன்னேன். உனக்குக் கை முடியாமல் பக்கத்து வீட்டுப் பெண்ணை எழுதச் சொல்லியிருக்கிறாய் என்று பிரித்த பிறகுதான் தெரிந்தது. கண்டுபிடித்த பெருமை அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

சாந்தா இங்கே பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் போடும் வேலைக்குப் போகிறாள். கூட வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் கேட்கிறார்கள் என்று பிளாசா கடையிலிருந்து ஓர் இசைத்தட்டு வாங்கி வந்தாள். கன்ட்ரி பாட்டு என்கிறார்கள், இந்தப் பக்கத்து நாட்டுப்புறப் பாட்டு மாதிரி. பாடுகிறவள் பெயர் என் வாயில் நுழையவில்லை, நான் கிட்டார் அம்மாள் என்றுதான் சொல்வேன். மரம் அறுக்கும் மில்லில் கூலி வேலை பார்த்த குடும்பமாம். வார்த்தையும் மெட்டும் அவளே கட்டுகிறாளாம். இத்தனை வருஷமாக அவள் பாடியதில் பேர்பெற்ற பாட்டுகளை மட்டும் பொறுக்கி, வருஷ வரிசையில் ஒரே தட்டில் சேர்த்திருக்கிறார்கள். அட்டையின் ஓரத்தில் அவளுடைய பழைய தட்டுகளின் படங்கள் சின்னச் சின்னதாக இருக்கின்றன. ஒரு மூலையில் பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி சிரிக்கிறாள், மறுமூலைக்கு வருவதற்குள் முகம் இறுகிவிடுகிறது. சனிக்கிழமைகளில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே சாந்தா ஒவ்வொரு பாட்டுக்கும் எனக்கு அர்த்தம் சொல்வாள். முதல் பக்கம் முழுக்கக் காதலும் கல்யாணமும்தான். உன் அண்ணன், "அந்த அழுமூஞ்சிப் பாட்டை நிறுத்து, தலை வலிக்குது" என்பான். அவள், "உங்க ஆபீஸ் கதைக்கு இது தேவலைங்க" என்பாள். இரண்டாம் பக்கம் வேறு மாதிரி. நம் பக்கம் சாவு வீட்டில் பெண்கள் சொந்தமாகக் கட்டிப் பாடுவார்களே, அது போல. இவளோ உயிரோடு இருக்கும்போதே தன் வாழ்க்கைக்கு ஒப்பாரி வைக்கிறாள்.

உன் கடிதம் வந்த வாரம் அந்த இரண்டாம் பக்கத்தில் ஒரு பாட்டு வந்தபோது சாந்தா பூரிக்கட்டையைக் கீழே வைத்துவிட்டாள். "அந்தம்மா அவ அம்மாவைக் கேக்கறா மாமா. என் கண்ணு வீங்கியிருக்கறதைப் பாத்துட்டு, உன் புருஷன் சாப்பிட்டாரான்னு கேட்டியே, ஏன்னு கேக்கறா" என்றாள். நாங்களும் அதைத்தானே செய்கிறோம் வேதா. முதல் தடவை அடித்தான் என்று நீ எழுதியபோது, மாப்பிள்ளை மனசு குளிரட்டும் என்று கைக்கடிகாரம் அனுப்பினோம். பல் உடைந்தபோது டிரான்சிஸ்டர் ரேடியோ அனுப்பினோம். இப்பொழுது மணிக்கட்டுக்கு டேப்ரெக்கார்டர் வாங்கிக் கட்டி வைத்திருந்தான் உன் அண்ணன். மகளுக்குக் கஷ்டம் என்றால் மாப்பிள்ளைக்குச் சீர் செய்வதுதான் நமக்குத் தெரிந்த வைத்தியம், நானும் தலையாட்டினேன். உன்னை அடித்தால் கனடாவிலிருந்து பார்சல் வரும் என்று அவனைப் பழக்கிவிட்டோம்.

இதை மோகனிடம் சொன்னபோது கத்தினான். "அனுப்பலேன்னா அந்தக் கோபத்தையும் அவ மேலதான்ப்பா காட்டுவான். நீங்களா இங்கேருந்து போய்த் தடுப்பீங்க?" அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. சாந்தாதான், "அப்ப பொருளை நிறுத்தினா பத்தாதுங்க, ஆளையே வெளியே கொண்டுவந்துடணும்" என்றாள். நாலு பேர் என்ன பேசுவார்கள் என்றான். "அந்த நாலு பேரா வந்து அவ கைக்கு மாவுக்கட்டுப் போட்டாங்க?" என்றாள். அவன் கோட்டுகூடப் போடாமல் பால்கனிக்குப் போய் நின்றான். தலையெல்லாம் பனியோடு உள்ளே வந்து, பார்சலைத் தன் கையாலேயே பிரித்தான்.

ஆகவே கவனமாகக் கேள். இந்தக் கடிதத்தை உன்னிடம் தருபவள் லலிதா, எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் தட்சிணாமூர்த்தியின் மனைவி. உறையூரில் தங்கை கல்யாணத்துக்காக வந்திருக்கிறாள், நம்பலாம். மாப்பிள்ளை மில்லுக்குப் போன பிறகு கரூர் வீட்டுக்கு வரவும், அவன் இருந்தால் கடிதத்தை வெளியே எடுக்காமல் திரும்பிவிடவும் சொல்லியிருக்கிறேன். அவள் தம்பி தெருமுனையில் காரோடு நிற்பான். மாமியார் கேட்டால் ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றப் போவதாகச் சொல். புடவை, பாத்திரம் என்று எதையும் எடுக்க நிற்காதே, பள்ளிச் சான்றிதழ் கைக்கு எட்டினால் மட்டும் எடுத்துக்கொள். அந்தக் காரில் ஏறி உறையூர் போய், நாங்கள் ஒரு வழி செய்யும்வரை லலிதா வீட்டில் இரு. உன்னை இங்கே வரவழைக்க அண்ணன் பார்க்கிறான். அது நடக்காவிட்டால் நானே திருச்சிக்கு வந்துவிடுவேன், சின்னதாக ஒரு வீடு பிடித்து நீயும் நானும் இருப்போம். அவன் தேடி வந்து காலில் விழுந்து அழுவான், இரங்கிவிடாதே. கிட்டார் அம்மாள் எப்பொழுதாவது தன் புருஷனிடம் திரும்பிப் போனாளா என்று சாந்தாவைக் கேட்டேன். ஒரு தடவை போனாளாம், அதற்கும் ஒரு பாட்டு இருக்கிறதாம். அதற்கு மட்டும் சாந்தா எனக்கு அர்த்தம் சொல்ல மறுத்துவிட்டாள்.

இந்தக் காகிதத்தை அந்த வீட்டில் விட்டுவிடாதே, மறக்காமல் உன்னோடு எடுத்துப் போ. அடி உதை இல்லாத வீட்டில் நீ நெடுநாள் வாழ வேண்டும், அண்ணனும் அண்ணியும் சொல்வதும் அதுதான். பதில் எழுத வேண்டாம். லலிதா வாசலில் நிற்கிறாள், செருப்பைப் போட்டுக்கொள்.

உன் அப்பா
வைரப்பெருமாள்