தள்ளுபடிக்குப் பிறகு

மார்ச் 4

தீர்ப்பு வந்துவிட்டது. தள்ளுபடி.

தபால்காரர் வந்தபோது சட்டைக் காலரில் ஒட்டியிருந்த மைக்கறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு பிரித்ததில் முதல் பக்கம் ஊறிப்போனது. ஆஸ்பத்திரிக்காரர்கள் எங்கள் சலவைக் கடையோடு போட்ட மூன்று வருட ஒப்பந்தத்தை எட்டாம் மாதமே முறித்தது சரிதானாம். படுக்கை விரிப்புகள் ஈரமாக, வாடையோடு வருகின்றன, பதினான்கு நாளில் சரிசெய்யுங்கள் என்று அவர்கள் எழுத்தில் கொடுத்தார்களாம், நாங்கள் பதிலே போடவில்லையாம்.

அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்று தீர்ப்பாயத்தில் தலையால் தண்ணீர் குடித்துச் சொன்னேன். “இவர் சொல்வது நம்பும்படியாக இல்லை” என்று எழுதிவிட்டார்கள்.

மார்ச் 5

இஸ்திரி போட்ட நாலு பெண்களிடமும் சொல்லிவிட்டேன். இனி வேலை இல்லை. ஒருத்தி மட்டும், “மேல போவீங்களாக்கா?” என்று கேட்டாள்.

மார்ச் 10

போவேன்.

வக்கீலம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். “துணி ஈரமா இருந்துச்சா இல்லையான்னு மேல யாரும் மறுபடி கேக்க மாட்டாங்க. தீர்ப்பாயம் சட்டத்துல எங்க சறுக்குச்சுன்னு மட்டும்தான் பாப்பாங்க.” சறுக்கிய இடம் ஒன்று இருக்கிறது. அறிவிப்பு எதுவானாலும் கடை முகவரிக்கு வர வேண்டும் என்பது ஒப்பந்தம். அவர்கள் அனுப்பியது பின் தெருவில் இருக்கும் எங்கள் மெஷின் ஷெட்டுக்கு. தீர்ப்பில் அதைப் பற்றி மூச்சே இல்லை. முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். கூட்டாளி அவன்தானே. “விட்டுடு பாப்பா, போதும்” என்றான். நாற்பத்தாறு வயதிலும் அவனுக்கு நான் பாப்பாதான்.

“எப்படி விடுறது? என்னைப் பொய்க்காரின்னு எழுதி வச்சிருக்காங்க!” கத்திவிட்டேன். அவன் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். அவனுக்கென்ன கோபம்?

மார்ச் 17

மேல்முறையீடு தாக்கல் ஆகிவிட்டது. கூடவே என் சத்திய வாக்குமூலமும். “எங்கள் நிறுவனத்தில் எவர் கைக்கும் அந்த அறிவிப்பு வந்து சேரவில்லை.” அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 24

தபால் அலுவலகத்திலிருந்து அந்தக் கடிதத்தின் ஒப்புகைச் சீட்டுக்கு நல்ல நகல் கிடைத்தது. தீர்ப்பாயத்தில் காட்டியது நகலுக்கு நகல், வெறும் கறுப்புத் தீற்றல். இதில் வாங்கியவர் கையெழுத்து தெளிவாகத் தெரிகிறது.

சோப்புத் தூள் டிரம் வந்து இறங்கும்போதெல்லாம் அண்ணன் போடுவானே — முதல் எழுத்து, அடியில் சுருண்ட ஒரு கோடு. அதேதான்.

பஸ்ஸில் ஏறத் தோன்றவில்லை. நடந்தே வந்தேன்.

மார்ச் 25

கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

மார்ச் 27

கேட்டுவிட்டேன். டிரையருக்குப் பின்னால் குனிந்து பஞ்சு எடுத்துக்கொண்டிருந்தான். சீட்டை நீட்டினேன். நிமிரவே இல்லை.

“வந்துச்சு பாப்பா. படிச்சேன்.”

“படிச்சிட்டு?”

“டிரையர் பாதிச் சூட்டுக்கு மேல ஏறல. நானே சரி பண்ணிடுவேன்னு நெனச்சேன். பண்ணிட்டு உன்கிட்ட சொல்லிக்கலாம்னு... நாள் ஓடிடுச்சு. அதுவரைக்கும் ஈரத்தோடயே மடிச்சு அனுப்பிட்டிருந்தேன்.”

“நான் தீர்ப்பாயத்துல நின்னேனே. ‘எங்க அண்ணன் எதையும் மறைக்கிற ஆள் இல்ல’ன்னு சொன்னேனே. நீ பின்னாடிதான உக்காந்திருந்த?”

“ஆமா.”

அந்த ‘ஆமா’வை என்ன செய்வது? அடிக்கவா, அழவா? இப்போது நான் நிஜமாகவே பொய்க்காரி. சத்தியம் பண்ணிய பொய்க்காரி.

மார்ச் 29

வக்கீலம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பேனாவை மூடி வைத்தார். “வாக்குமூலத்தைத் திருத்தணும். இல்லைன்னா நான் விலகணும்.”

“திருத்தினா தோத்துருவோமா?”

“முகவரி வாதம் இருக்கு. ஆனா நொண்டும்.”

பேசாமல் வேறு வக்கீலைப் பார்த்தால் என்ன என்று ஒரு நொடி நினைத்தேன். இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

ஏப்ரல் 2

திருத்தினேன். நான் கேட்காமலே அண்ணன் தன் பங்குக்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். ஒரு இடத்திலும் சமாளிப்பு இல்லை. எழுத்துப் பிழை இருந்தது, திருத்தவில்லை.

ஏப்ரல் 20

ஒரே கூரைக்குக் கீழே மூன்று வாரமாக வேலை விஷயம் மட்டும் பேசுகிறோம். அண்ணி நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறாள்.

ஜூன் 11

விசாரணை. மூன்று நீதிபதிகள். வாதம் இருபது நிமிடம் கூட இல்லை. நடுவில் இருந்த நீதிபதியம்மா, அண்ணன் எழுதிய தாளைக் கையில் எடுத்து, “இதை எழுதினவர் வந்திருக்காரா?” என்றார்.

அண்ணன் எழுந்தான்.

“கடிதம் கிடைச்சதும் உங்க தங்கச்சிகிட்ட ஏன் சொல்லல?”

“பயம்மா.”

“யாருக்குப் பயந்து, ஆஸ்பத்திரிக்கா?”

“இல்லம்மா. இவளுக்குத்தான்.”

எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. நான் அவ்வளவு பயப்படும்படியா இருந்தேன்? இருந்தேனோ?

ஜூலை 2

மறுபடியும் தள்ளுபடி. முகவரி தவறுதான், ஆனாலும் கடிதம் ஒரு கூட்டாளியின் கைக்குப் போய்விட்டது, அது போதும் என்கிறார்கள். இதற்கு மேல் போகப்போவதில்லை.

அண்ணனுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். முடித்ததும், “நான் உன்னைத் திட்டிக்கிட்டேதான் இருந்தேனா இத்தன வருஷமும்?” என்று கேட்டேன். “பாதி நாள்” என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு அழுகை.

ஜூலை 31

ஒரு தங்கும் விடுதிக்கார அம்மா வந்தார். நாற்பது அறைகளின் ஜன்னல் திரைகளைத் துவைக்க வேண்டும். பேச்சோடு பேச்சாக, “ஆஸ்பத்திரியோட ஏதோ கேஸாமே?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அண்ணன் வந்தான்.

“ஆமாங்க. தப்பு என்னுது. காயாத துணியை அனுப்பிட்டேன். தோத்துட்டோம்.”

அந்த அம்மா அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “நாலு நாள்ல முடியுமா?”

முடியும் என்று சொல்ல நாக்கின் நுனி வரை வந்தது. அண்ணனைப் பார்த்தேன்.

“ஆறு நாள் ஆகும்மா,” என்றான்.

திங்கட்கிழமை திரைகளோடு முதல் வண்டி வருகிறது. இஸ்திரிக்கு இரண்டு பேரைக் கூப்பிட்டிருக்கிறேன்.