இரண்டாம் பாகம் வேண்டி மிளகாய்க் களத்திலிருந்து ஒரு மனு

அனுப்புநர்:
ம. சண்முகவள்ளி,
க/பெ. மருதுபாண்டி,
மேலத்தெரு, ஆவரங்குளம்,
தேவிபட்டினம் வழி, இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட நூலக அலுவலர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: எங்கள் ஊர் நூலகத்தில் எனது உறுப்பினர் அட்டை நிறுத்தப்பட்டது – நாவலின் இரண்டாம் பாகம் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நாங்கள் மிளகாய் பயிரிடுகிறோம். காய்ந்த மிளகாய்ப் பழத்தை நிழலில் உட்கார்ந்து தரம் பிரிக்கும்போது ஒருவர் நாவலை உரக்கப் படிப்பது எங்கள் களத்து வழக்கம். படிப்பது நானும் பக்கத்து வீட்டுப் பூமயிலும். கேட்பவர்களில் முதல் ஆள் கருத்தம்மாள். எங்களிடம் கூலி வேலை செய்பவர், எழுத்துத் தெரியாது. ஆனால் நாவல் விஷயத்தில் அவரிடம் வாய் கொடுத்து மீள முடியாது. எங்கள் ஊர் நூலகத்தில் எடுத்த நாவலின் முதல் பாகத்தில் கதாநாயகன் கப்பலேறிய அன்று, "இவன் திரும்பி வருவான்னு நம்புறவுக நம்புங்க, நான் நம்ப மாட்டேன்" என்று அரை நாள் வழக்காடினார். அந்த அரை நாளில் ஒரு கூடை மிளகாய்கூடத் தேறவில்லை. எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை.

2. முதல் பாகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது பக்கங்களுக்கிடையே மிளகாய் வற்றல் வைத்துக் கொடுத்தோம். பருப்பில் வண்டு விழாமலிருக்க வற்றல் போட்டு வைப்பவர்கள் நாங்கள். நல்ல புத்தகத்தைப் பூச்சி அரித்துவிடக் கூடாதே என்றுதான் வைத்தோம். நூலகர் திரு. குருநாதன் புத்தகத்தைப் பிரித்துத் தட்டியதும் அடுக்கடுக்காகத் தும்மினார். கேலி செய்கிறோம் என்று நினைத்து அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். கண் எரிந்தவருக்குக் கோபம் வருவது நியாயம்தான். மன்னிப்பும் கேட்டுவிட்டோம்.

3. பிறகு கருத்தம்மாள் தனியாகப் போய்க் கெஞ்சியிருக்கிறார். நூலகர் மனமிரங்கி, "அட்டை தர முடியாதும்மா. வேணும்னா முடிவச் சொல்றேன், கேட்டுட்டுப் போ" என்றாராம். கருத்தம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "சொல்லிப்புடாதீக சார், நாங்க சேந்து படிச்சுக்கிறோம்" என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டார். திரு. குருநாதன் நல்ல மனிதர். ஆனாலும் நாவல் படிக்கிற ஒருவர் இப்படி முடிவைச் சொல்ல வரலாமா என்பதையும் புகாராகவே தெரிவித்துக்கொள்கிறேன்.

4. சித்திரை பிறந்ததும் கருத்தம்மாள் குடும்பத்தோடு உப்பள வேலைக்குப் போகிறார். மழைக்காலத்தில்தான் திரும்புவார். அங்கே அவருக்குப் படித்துக் காட்ட ஆளில்லை.

ஆகவே என் அட்டையைத் திருப்பித் தந்து, சித்திரைக்கு முன் இரண்டாம் பாகம் கிடைக்க ஆவன செய்யும்படி பணிவுடன் வேண்டுகிறேன். புத்தகத்துக்குள் இனி எதையும் வைக்க மாட்டோம். தங்கள் உத்தரவு வருவதற்குள் கருத்தம்மாள் புறப்பட்டுவிட்டால், புத்தகத்தை எங்களுக்குத் தர வேண்டாம் ஐயா. அவர் வரும்வரை நூலக அலமாரியிலேயே இருக்கட்டும். அவரில்லாமல் அதைப் பிரிப்பதில்லை என்று களத்தில் எல்லோரும் பேசி வைத்திருக்கிறோம்.

இடம்: ஆவரங்குளம்
நாள்: 21.3.1988

தங்கள் நல்ல பதிலுக்குக் காத்திருக்கும்,
ம. சண்முகவள்ளி