சைலன்சர் சூடு

1983 பிப்ரவரி 9, புதன்

நாளை மறுநாள் நானும் மரியநாதனும் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் கன்னியாகுமரிக்குக் கிளம்புகிறோம். துணிமணி வைக்க எது சரிப்படும் என்று ஒரு மாதம் யோசித்து, தார்ப்பாய் தைப்பவரிடம் பச்சைக் கித்தானில் ஒரு பை தைத்து வாங்கியிருந்தேன். நேற்றுவரை அதைப் பார்த்தாலே பெருமையாக இருந்தது.

இன்று மாலை மரியநாதன் வாசலில் வந்து நின்றான். வண்டியின் இரண்டு பக்கமும் தோல் பைகள் தொங்கின. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த அவன் அப்பா பாரீசிலிருந்து கொண்டுவந்தவையாம். "சகோஷ்" என்று அவற்றின் பிரெஞ்சுப் பெயரை வாயைக் குவித்துச் சொன்னான். என் மனைவி செல்வி இறங்கிப்போய்த் தடவிப் பார்த்தாள்.

"எவ்ளோ வழுவழுன்னு இருக்கு பாருங்க!"

என் பையை அவள் ஒரு நாளும் தொட்டதில்லை.

"நீதான் வண்டி தெரிஞ்சவன். இது தாங்குமாடா?" என்று மரியநாதன் என்னைக் கேட்டான்.

பைக்கும் சைலன்சருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி நன்றாகவே இருந்தது.

"அவ்ளோ தூரம் போனா சைலன்சர் சூட்டுல தோல் கருகிடும்டா." கூசாமல் சொன்னேன்.

அவன் கொஞ்சம்கூடச் சந்தேகப்படவில்லை. "நல்லவேளை சொன்ன. இத வீட்லயே வெச்சிட்டு வந்துடறேன். என் துணியையும் உன் பையிலயே போட்டுக்க."

போனவன் ஒரு மணி நேரத்தில் துணியோடு திரும்பி வந்தான். இஸ்திரி போட்ட ஆறு சட்டை, எல்லாவற்றிலும் சென்ட்.

இப்போதுதான் அடுக்கி முடித்தேன். பை மூடவில்லை. என் சட்டைகளில் இரண்டை வெளியே எடுத்த பிறகுதான் மூடியது. நான் பார்த்துப் பார்த்துத் தைத்து வாங்கிய பை, அதற்குள் அவன் வீட்டு வாசனை அடிக்கிறது.